ட்ராயிங் படிக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள்: பேட்டையிலிருந்து உளவு அமைப்புகளின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய உளவு அமைப்புகளையும் வருவாய்ப் புலனாய்வையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டையும் பொறுப்பேற்று நடத்தும் உயரதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் திருநெல்வேலி பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 1994இல் தொடங்கியது. இரண்டு பழைய லேத்தும் ஒரு மில்லிங்கும் வங்கிக் கடனில் போட்ட, கணினியால் இயங்கும் ஒரு சிஎன்சி எந்திரமும் ஓடுகின்றன. பம்புக்கு இம்பெல்லர், ஆலைகளுக்கு வால்வு உடல், காற்றாலைக்காரர்களுக்குப் புஷ் என்று கையில் வருகிற வேலையைச் செய்கிறோம். வருடத்துக்கு நாலைந்து தடவை வெளிநாட்டுக்கும் சரக்கு போகும். அதனால்தான் இந்த மடல்.

நம் நாட்டில் உருவாகிற தொழில்நுட்பமும் கருவிகளும் தவறான கைகளுக்குப் போகாமல் பார்ப்பது உங்கள் வேலைகளில் ஒன்று. அதற்குப் பணம் ஒதுக்குகிறீர்கள், ஆள் போடுகிறீர்கள், வெளிநாடுகளிலும் கண் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பணமும் ஆளும் எதைப் பார்ப்பதில் செலவாகின்றன? நான் கண்ட வரையில் மனிதர்களைப் பார்ப்பதில் செலவாகின்றன. சரக்கைப் பார்த்து, ட்ராயிங்கைப் படித்து, "இது சொல்லுகிற வேலைக்கு உள்ளதில்லையே" என்று கேட்கத் தெரிந்த ஆட்கள் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. இந்த ஒதுக்கீட்டை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பேட்டையில் இருக்கிற லேத்துக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். எங்கள் ஊரிலிருந்து தெற்கே நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிப் பணகுடி போனால் மேற்கே மகேந்திரகிரி. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிற இடம். கிழக்கே கடற்கரையில் கூடங்குளம்; ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு ஓடுகின்றன, இன்னும் நான்கு எழும்பிக்கொண்டிருக்கின்றன. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் வைத்தார்கள். வடக்கே கங்கைகொண்டானில் சூரிய மின்கலம் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வாசல் போலத் தூத்துக்குடித் துறைமுகம். எங்கள் சரக்கு அங்கே கப்பலேறினால் பல நேரம் கொழும்பில் இறங்கி வேறு கப்பல் மாறித்தான் மேற்கே போகும். நீங்கள் காக்க நினைக்கிற பொருள்களில் எத்தனையோ எங்களைச் சுற்றி இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கின்றன. அவற்றுக்குத் துண்டு துணுக்கு செய்து கொடுக்கிற பட்டறைகளும் இங்கேதான் இருக்கின்றன.

எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் வளைகுடாவிலிருந்து ஒரு வியாபாரி மின்னஞ்சலில் விலை கேட்டிருந்தார். ஐம்பது வால்வு உடல்கள், 25 மில்லிமீட்டர் அளவு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு என்று எழுதியிருந்தது. நான் சொன்ன விலையை அவர் குறைக்கச் சொல்லவில்லை. பாதிப் பணம் முன்னாலேயே தருகிறேன் என்றார். அந்த மாதம் எங்களுக்கு வேலை கம்மி. சிஎன்சிக்குத் தவணை கட்ட வேண்டும். வந்தது மகாலட்சுமி என்றுதான் நினைத்தேன்.

ட்ராயிங்கை அச்செடுத்து எங்கள் ஃபோர்மேனிடம் கொடுத்தேன். பதினாறு வயதில் எடுபிடியாக வந்து டர்னராகி, இன்று பட்டறையையே நடத்துகிறவர். கையைத் துணியில் துடைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, தாளின் வலது கீழ் மூலையில் மெட்டீரியல் எழுதியிருக்கும் கட்டத்தில் விரலை வைத்தார். நிக்கலும் மாலிப்டினமும் சேர்ந்த கலப்பு உலோகம். விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, குடிதண்ணிக்கு எதுக்கு இந்த மெட்டலு? உப்புத் தண்ணியே ஓடுனாலும் டூப்ளெக்ஸ் ஸ்டீலு போதும்லா. இது கடுமையான ஆசிட்டு ஓடுத எடத்துக்குல்லா போடுவாவ."

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. அந்த ஒரு கேள்வியில் எனக்கு வியர்த்துவிட்டது. அன்றிரவு மகனை உட்காரவைத்துக் கணினியில் தேடினோம். அப்போதுதான் ஸ்கோமெட் என்ற பட்டியலை முதன்முதலாகப் பார்த்தேன். அணு, வேதியியல், ஏவுகணை என்று ஆயுதத்துக்கும் உதவக்கூடிய பொருள்களின் பட்டியல். அதில் உள்ளதை உரிமம் வாங்காமல் ஏற்றுமதி செய்யக் கூடாது. பொருளை மட்டுமல்ல, ட்ராயிங்கை மின்னஞ்சலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். வேதிப்பொருள் ஆலைக் கருவிகள் பகுதியில் வால்வும் இருந்தது. பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவு, உள்ளே ஓடுகிற திரவம் படுகிற இடமெல்லாம் நிக்கல் 40 விழுக்காட்டுக்கு மேலுள்ள கலப்பு உலோகம் என்றால் அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கடும் அமிலத்தைத் தாங்குகிற அதே வால்வு மருந்துத் தொழிற்சாலைக்கும் ஆகும், நச்சுவாயு செய்கிற இடத்துக்கும் ஆகும். அதனால்தான் ஆஸ்திரேலியா குழு என்று சொல்லப்படும் நாடுகள் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. நாமும் 2018 ஜனவரியில் அதில் சேர்ந்தோம்.

நான் படித்த தாள்கள் முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் வக்கீல் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் ஒரு பக்கம்கூட என் கைக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் இருந்து போன் போட ஆரம்பித்தேன். ஒரு அலுவலகத்தில் இன்னொன்றைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே மூன்றாவதைக் கை காட்டினார்கள். ஒருவர், "நீங்க விண்ணப்பம் போடுங்க, டெல்லியில பாப்பாங்க" என்றார். உரிமம் கேட்டு விண்ணப்பிக்க நான் தயாராக இல்லை. இந்த ஆள் யார், இந்த ஆலை நிஜமாகவே இருக்கிறதா என்று உங்களிடம் சொல்லிவைக்கத்தான் நினைத்தேன். அதற்கு ஒரு மேசை இல்லை. கடைசியில் நானே முடியாது என்று எழுதிவிட்டேன். ட்ராயிங்கையும் கடிதப் போக்குவரத்தையும் ஒரு கோப்பில் போட்டு ஸ்டீல் பீரோவில் வைத்தேன். யாராவது ஒருநாள் வருவார்கள் என்று.

வந்தார்கள். எட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு பேர். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்த இருவரைப் பற்றிப் போய்விடும். சிஎன்சியில் செட்டராக இருந்த மேலப்பாளையத்துப் பையனைப் பற்றிக் கேட்டார்கள். அவன் அண்ணன் வளைகுடாவில் எங்கே வேலை பார்க்கிறான், வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறான், இவன் எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறான், யாரோடு பழகுகிறான், போனில் யாரிடம் பேசுகிறான். ஒன்றரை மணி நேரம். நான் பீரோவைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒருவர் மேலட்டையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "இது எங்க சப்ஜெக்ட் இல்லீங்க" என்றார்.

பட்டறையில் ஓடுகிற எந்திரம் எத்தனை அச்சு (எத்தனை வகையில் நகரும், திரும்பும்), எங்களால் எத்தனை மைக்ரான் துல்லியம் எடுக்க முடியும், என்ன உலோகம் வெட்டுகிறோம், யார் யாருக்குச் சரக்கு போகிறது என்று அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தப் பையன் மறு வாரத்திலிருந்து தலை குனிந்தே வேலை பார்த்தான். தெருவில் விசாரித்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான். யாரிடம் கேட்பது? இரண்டு மாதத்தில் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டான். ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்து உருவாக்கிய கை அது. எங்களிடமிருந்து வெளியே போன தொழில்நுட்பம் அதுதான் என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதை ஒரு தனி மனிதனின் வருத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். அதற்குப் பிறகு நான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். உலகத்தில் பெரிய பெரிய கைமாற்றங்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஃபோர்மேன் மாதிரி ஆட்களாகவே இருக்கிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் தோஷிபா மெஷின் என்ற ஜப்பானிய நிறுவனம் லெனின்கிராடு கப்பல் கட்டும் தளத்துக்கு ஒன்பது அச்சு மில்லிங் எந்திரங்களை விற்றது. நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறியைச் சத்தம் வராதபடி கடைவதற்கு உதவக்கூடியவை. உரிமம் கேட்ட தாளில் இரண்டு அச்சில் ஓடும் சாதாரண லேத் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். இரண்டு அச்சு எந்திரத்துக்கும் ஒன்பது அச்சு எந்திரத்துக்கும் வித்தியாசம் தெரிய உளவாளி வேண்டாம். ஐடிஐ முடித்த பையன் பெட்டியைப் பார்த்தாலே சொல்லுவான். எடையும் நீளமும் போதும். இது வெளியே வந்தது எப்படி? பேரத்தில் இடையில் நின்ற வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த குமாகாய் என்பவர், 1985 கடைசியில் பாரிஸில் இருந்த கோகாம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். ஜப்பானிய அரசு முதலில் நிறுவனத்தையே கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று மூடப் பார்த்தது. 1987இல் அது உலகச் செய்தியானபோது எந்திரங்கள் ஓடத் தொடங்கி வருடங்கள் ஆகியிருந்தன.

இன்னொன்று நமக்கு மிக நெருக்கமானது. பாகிஸ்தானின் ஏ.க்யூ.கான் 1970களில் நெதர்லாந்தில், யுரேனியம் செறிவூட்டும் எந்திர வேலையில் தொடர்புள்ள ஒரு ஆய்வகத்தில் இருந்தார். ரகசிய ட்ராயிங்குகளை அவர் வீட்டில் பார்த்து மேலிடத்தில் சொன்னவர் அதே ஆய்வகத்தின் புகைப்படக்காரர், ஃபிரிட்ஸ் வீர்மேன். சொன்னவருக்குத்தான் வேலை போயிற்று. கான் 1975 டிசம்பரில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவரைக் கைது செய்யாமல் விட்டுக் கண்காணிக்கலாம் என்று அமெரிக்க சிஐஏ கேட்டுக்கொண்டது என்று நெதர்லாந்தின் முன்னாள் பிரதமர் லூபர்ஸ் 2005இல் சொன்னார். கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள், அவர் செறிவூட்டும் ஆலையைக் கட்டி முடித்துவிட்டார். அப்படியென்றால் அத்தனை வருடக் கண்காணிப்புக்குச் செலவழித்தது எதற்கு?

அதே கானின் கூட்டம் பிற்பாடு லிபியாவுக்கு, யுரேனியம் செறிவூட்டுகிற சுழல்விசைக் கருவிப் பாகங்களைச் செய்துகொடுத்தது எங்கே என்று தெரியுமா? மலேசியாவில் ஷா ஆலம் பக்கத்தில் ஒரு பட்டறையில். துபாயிலிருந்து ஆர்டர் வந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கான பாகங்கள் என்று நினைத்துத்தான் செய்தோம் என்று அந்தப் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். 2003 அக்டோபரில் பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியில் நிறுத்திப் பெட்டிகளை இறக்கியபோதுதான் விஷயம் உடைந்தது. அந்தக் கப்பலை மறித்தது நல்ல உளவு வேலை, அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. துபாய் ஆர்டர், நல்ல விலை, அப்பாவித்தனமான காரணம். அந்தப் பட்டறைக்கும் என் பட்டறைக்கும் நடுவில் நின்றது ஒரு ஃபோர்மேனின் விரல்தான்.

திருட வருகிறவன் தன் பணத்தை எப்படி ஒதுக்குகிறான் என்பதும் வெளியே வந்திருக்கிறது. சோவியத் உளவு அமைப்பான கேஜிபியில், மேற்கத்தியத் தொழில்நுட்பத்தைச் சேகரிக்கிற பிரிவில் வெத்ரோவ் என்பவர் இருந்தார். 1981 முதல் சுமார் 4,000 ஆவணங்களை அவர் பிரெஞ்சு உளவுத் துறைக்குக் கொடுத்தார். மேலிருந்து கீழ்வரை அதில் இருந்தது பொருள்களின் பட்டியல். எந்தத் தொழிற்சாலைக்கு எந்தக் கருவி வேண்டும், எந்தச் சில்லு வேண்டும், எது கிடைத்தது, எது பாக்கி என்று மளிகைக் கடைச் சிட்டை மாதிரி. அதைப் பார்த்த பிறகுதான் அமெரிக்காவும் பிரான்சும் தங்கள் கதவுகளில் எது திறந்து கிடக்கிறது என்று தெரிந்துகொண்டன. 1983இல் பிரான்ஸ் 47 சோவியத் அதிகாரிகளை வெளியேற்றியது. தொழில்நுட்பக் கைமாற்றத்தை மட்டும் எடைபோட அமெரிக்க சிஐஏவுக்குள் ஒரு தனி மையமே அந்தப் பத்தாண்டில் இருந்தது. வருகிறவன் கையில் பொருள் பட்டியல் இருக்கும்போது, காக்கிறவர் கையில் ஆள் பட்டியல் மட்டும் இருந்தால் இருவரும் எங்கே சந்திப்பார்கள்?

ஆள் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் என்ன ஆகும் என்பதற்கு நான் வேறு நாட்டைக் காட்ட வேண்டியதில்லை. பணகுடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையைக் காட்டுகிறேன்.

கிரையோஜெனிக் எஞ்சின் என்பது மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கிற ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரி ஆக்சிஜனையும் எரிக்கிற எஞ்சின். இரும்பு கண்ணாடி மாதிரி நொறுங்குகிற குளிர் அது. அந்தக் குளிரில் கசியாமல் ஒரு வால்வு நிற்க வேண்டும் என்றால் என்ன பாடு என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தொழில்நுட்பத்தை வாங்க இஸ்ரோ 1991இல், அப்போதைய சோவியத்தின் விண்வெளி வணிக நிறுவனமான கிளாவ்காஸ்மாஸோடு ஒப்பந்தம் போட்டது. 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு அமைப்புகளுக்கும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கி, எஞ்சின்களைத் தருகிறோம், தொழில்நுட்பம் தர மாட்டோம் என்றது. அடுத்த வருடம், 1994 நவம்பர் 30 அன்று, நம் பக்கத்து நாகர்கோவில்காரரான விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கேரளத்தில் கைது செய்தார்கள். ராக்கெட் ரகசியத்தை வெளிநாட்டுக்கு விற்றார் என்று குற்றச்சாட்டு. மாநிலப் போலீசோடு மத்திய உளவு அதிகாரிகளும் விசாரித்தார்கள். ஐம்பது நாள் சிறை.

விற்றதாகச் சொன்ன கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அப்போது நம் கையிலேயே இல்லை. ரஷ்யா தர மறுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விசாரித்தவர்களில் எஞ்சின் தெரிந்த ஒருவரை முதல் நாளே உட்காரவைத்திருந்தால், "இல்லாததை எப்படி விற்பது?" என்று கேட்டு அந்த அறையை விட்டு எழுந்திருப்பார். ட்ராயிங்கைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டால் மட்டும் யாராலும் எஞ்சின் செய்ய முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். 1996இல் சிபிஐ குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று அறிக்கை தந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கைது தேவையற்றது என்று சொல்லி ரூ.50 லட்சம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. இருபத்து நாலு வருடம்.

அந்தக் கைது நடந்த வருடம்தான் நான் பட்டறை தொடங்கியிருந்தேன். என் சித்தப்பா மகன் மகேந்திரகிரியில் டெக்னீஷியன். அதுவரை கல்யாண வீட்டில் எங்கே வேலை என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன், அதற்குப் பிறகு "பணகுடிப் பக்கம் ஒரு கம்பெனி" என்று மட்டும் சொன்னான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடப் பேச மாட்டான். குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர்; பயந்தது ஒரு மலையடிவாரமே.

அந்த வழக்கால்தான் நம் எஞ்சின் தாமதமானது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். தடையும் காரணம், வேலையின் கடினமும் காரணம். நாமே செய்த கிரையோஜெனிக் கட்டம் மகேந்திரகிரிச் சோதனை மேடையில் 2007 நவம்பரில் 720 விநாடிகள் முழுதாக ஓடியது. 2010 ஏப்ரலில் பறந்தபோது தோற்றது. 2014 ஜனவரி 5 அன்று வென்றது. அந்த வருடங்களில் அந்த ஆட்களுக்கு வேண்டியிருந்தது அமைதி. அவர்களைக் காப்பதற்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு அவர்களின் அமைதியைக் கெடுப்பதற்குச் செலவானது.

அமெரிக்காவும் இதே குழியில் விழுந்திருக்கிறது. தொழில்நுட்பம் சீனாவுக்குக் களவு போவதைத் தடுக்க 2018 நவம்பரில் சீன நடவடிக்கை என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் கேங் சென் என்பவரை 2021 ஜனவரியில் கைது செய்து, ஒரு வருடம் கழித்து வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2022 பிப்ரவரியில் அந்தப் பெயரில் இருந்த திட்டத்தையே நிறுத்தினார்கள். நிறுத்துகிற துணிச்சலாவது அங்கே இருந்தது.

மனிதர்களைத் தொடர்ந்துகொண்டிருக்கும்போது எந்தக் கதவு திறந்து கிடந்தது என்பதற்குக் கூடங்குளம். 2019 அக்டோபர் 29 அன்று, இணையத் தாக்குதல் என்று வருகிற செய்தி பொய் என்று அணுமின் நிலையத்திலிருந்து அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம், கெட்ட நிரல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைத்திருந்த ஒரு பயனரின் கணினியில் அது இருந்தது, உலையை இயக்குகிற வலையமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்றார்கள். செப்டம்பர் 4ஆம் தேதியே தகவல் வந்துவிட்டது என்றும் அதே அறிக்கை சொன்னது. உலை பத்திரமாக இருந்தது, சந்தோஷம். ஆனால் டிட்ராக் என்ற அந்த நிரலின் வேலையே கணினியில் உள்ளதைத் திரட்டி வெளியே அனுப்புவது. இந்தக் காலத்தில் ட்ராயிங் பெட்டியில் போகாது, இப்படித்தான் போகும். எந்தக் கணினி இணையத்தில் இருக்கிறது, எதில் என்ன கோப்பு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிற சலிப்பான வேலைக்கு எத்தனை பேரை ஒதுக்கியிருக்கிறீர்கள்? அதில் பதக்கம் கிடைக்காது, பத்திரிகையில் படம் வராது. அதனால்தான் அதற்கு ஆள் குறைகிறதோ என்று பயப்படுகிறேன்.

பணத்தைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அமெரிக்கா 2007 முதல் தன் தேசிய உளவுச் செலவின் மொத்தத் தொகையை வருடாவருடம் வெளியிடுகிறது. 2023ஆம் நிதியாண்டுக்கு 7,170 கோடி டாலர் என்று சொன்னது. பிரிட்டனில் 1994 முதல் உளவு அமைப்புகளை மேற்பார்க்க எம்.பி.க்கள் குழு ஒன்று சட்டப்படி இருக்கிறது. நம்மிடம் உள்நாட்டு உளவு அமைப்பான ஐபிக்கான தொகை உள்துறையின் கணக்கில் ஒரு வரியாக வருகிறது, வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. 1887இல் தொடங்கிய ஐபிக்கும் 1968இல் தொடங்கிய ராவுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. 2011இல் மணீஷ் திவாரி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. உங்கள் ஆட்களின் பெயரையோ வெளிநாட்டு வேலைகளையோ யாரும் கேட்கவில்லை. தொழில்நுட்பக் கைமாற்றத்துக்கு என்று எவ்வளவு, அதில் எந்திரமும் உலோகமும் மென்பொருளும் தெரிந்தவர்களுக்கு எவ்வளவு என்று ஒரு நாடாளுமன்றக் குழுவிடமாவது, கதவைச் சாத்திக்கொண்டாவது சொல்லுங்கள். சொல்ல வேண்டியிருந்தால் ஒதுக்குகிற கையும் யோசித்து ஒதுக்கும்.

மற்றபடி நான் கேட்பவை பெரிய செலவு இல்லை. திருநெல்வேலி மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு மேசை போடுங்கள். அங்கே எந்திரப் பொறியியல் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். டிப்ளமோ போதும், பட்டறையில் பத்து வருடம் நின்றவராக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்கோமெட் பட்டியலைத் தமிழில், பட்டறையில் சொல்லுகிற பேரில், வால்வு என்றால் வால்வு, புஷ் என்றால் புஷ் என்று போட்டு எங்களிடம் கொடுங்கள். சந்தேகம் சொல்ல வருகிறவனை முதலில் சந்தேகப்படாதீர்கள். வீர்மேனுக்கு நடந்தது இங்கே யாருக்கும் நடக்க வேண்டாம். தூத்துக்குடியில் ஷிப்பிங் பில்லில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று உலோகத்தைச் சோதித்துப் பார்க்கிற கைக்கருவி கடையில் கிடைக்கிறது. பழைய இரும்பு வியாபாரிகள்கூட வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதரை அழைத்து விசாரிப்பதற்கு முன்னால், அவர் கொடுத்ததாகச் சொல்லும் பொருள் அவர் கையில் இருந்திருக்க முடியுமா என்று அந்தத் துறை தெரிந்த வெளியாள் ஒருவரின் கையெழுத்து வாங்குங்கள். 1994இல் அந்த ஒரு கையெழுத்து இருந்திருந்தால் போதும்.

வெளிநாட்டில் உட்கார்ந்து கண்காணிக்கிற உங்கள் ஆட்களுக்கும் இது உதவும். அந்த வளைகுடா வியாபாரி என்னிடம் மட்டும் கேட்டிருக்க மாட்டார். கோயம்புத்தூரில், ராஜ்கோட்டில், லூதியானாவில் நாலு பேரிடம் கேட்டிருப்பார். நாலு பேரும் சொல்ல ஒரு இடம் இருந்தால், ஒரே ட்ராயிங் நாலு ஊரில் சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே யார் கதவைப் போய்த் தட்ட வேண்டும் என்பதும் தெரியும். இப்போது அந்தத் தகவல் என் பீரோவில் கிடக்கிறது. மற்ற மூன்று பீரோக்களிலும் கிடக்கலாம்.

எங்கள் பட்டறை காலை எட்டரைக்குத் திறக்கும். ஞாயிறு விடுமுறை. கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன். ட்ராயிங் நாலு தாள், மின்னஞ்சல் பதினொன்று. யாரை அனுப்பினாலும் ட்ராயிங் படிக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள். ஃபோர்மேனிடமும் பேசச் சொல்லுங்கள். டீ குடிக்கிற நேரத்தில் இப்போதும் அவர் திடீரென்று கேட்பார்: "அண்ணாச்சி, நம்ம முடியாதுன்னு சொல்லிட்டோம். கடைசியில அந்த வால்வ யாரு செஞ்சு குடுத்தாவ?"

இப்படிக்கு,
பேட்டை லேத் பட்டறைக்காரன்,
திருநெல்வேலி